சனிக்கிழமை முழுக்கு

அத்தியாயம் ஒன்பது

அடுக்களைக் கதவுக்கு வெளியே, தோளில் துண்டுடன், அசையாமல் நின்றுகொண்டிருந்த இஞ்ஞாசியைச் சென்ற வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். குளிக்கப் போன மனிதர், சவர்க்காரம் தீர்ந்துவிட்டதைச் சொல்வதற்காகத் திரும்பி வந்திருந்தார். உள்ளே அவருடைய மனைவி உர்சுலா, இரு கைகளிலும் மாவு அப்பியிருந்தபடியால், கைப்பேசியில் வந்திருந்த குரல் செய்தியை உரக்க ஒலிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இளமதி பேசறேன். நாளைக்கு நம்ம முழுக்கு உறுதி. துண்டு, மாத்துத் துணி ரெண்டும் மறக்காதீங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருப்பேன். ஒரு தடவை தலை முழுசா உள்ள போய் வெளிய வந்துட்டா, அப்புறம் நீங்க புது ஆளு!"

அதைக் கேட்ட உர்சுலா சிரித்தாள். வெளியே நின்றவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வந்த வழியே ஓசையின்றித் திரும்பிச் சென்று, சவர்க்காரம் இல்லாமலேயே குளித்தார்.

இளமதி சொன்ன முழுக்கு எது என்பது நமக்குத் தெரியும். முழங்கால் வலிக்கு மருத்துவர் நீர்ப்பயிற்சியைப் பரிந்துரைத்ததிலிருந்து, ஐம்பது வயதைக் கடந்த உர்சுலா, ஜாலான் புசார் நீச்சல் குளத்தில், பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் சனிக்கிழமைதோறும் நீந்தக் கற்று வருகிறாள். வங்கியொன்றில் மென்பொருள் வேலை பார்க்கும் இளமதி அவளுடைய வகுப்புத் தோழி. ஊர் கும்பகோணம். ஆற்றில் மூழ்கி எழுவதை அவ்வூரார் முழுக்கு என்பர். ஆகவே, பயிற்சியாளர் அறிவித்திருந்த தேர்வுக்கும் இளமதி அப்பெயரையே சூட்டிவிட்டாள்.

தேர்வு எளியதே. கால் எட்டாத இடத்தில் சுவரை விட்டுவிட வேண்டும். முழுவதும் மூழ்கி எழ வேண்டும். பிறகு மல்லாந்து மிதக்க வேண்டும். தேறியவர்கள் ஆழமான பகுதிக்குச் செல்வார்கள். தேறாதவர்கள் புதிய குழுவோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உர்சுலா இதுவரை ஒரு முறைகூடச் சுவரை விட்டதில்லை.

சந்தைக்குப் போவதாகக் கணவரிடம் அவள் சொல்லியிருந்தது ஒன்றே: "தேக்கா போயிட்டு வரேன்."

அவள் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. இஞ்ஞாசி கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். பல ஆண்டுகளுக்கு முன்பு, கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஒரு தொழிலாளி விழுந்ததையும், அவரை மேலே தூக்கியபோது அவருடைய முகம் இருந்த நிறத்தையும் அவர் கண்ணால் கண்டவர். அன்றிலிருந்து வீட்டில் எவரையும் அவர் நீரில் இறங்க விட்டதில்லை. மகள் பெதானிக்குப் பள்ளியில் நீச்சல் வகுப்பு வந்தபோதெல்லாம் சளி என்று சொல்லித் தடுத்தார். கடற்கரைக்குச் சென்றாலும், அலையின் ஓசை கேட்காத தொலைவில்தான் பாய் விரிப்பார்.

ஆயினும், அந்த வெள்ளிக்கிழமை மாலை அவரை அச்சுறுத்தியது நீர் அன்று. முழுக்கு என்ற அந்தச் சொல்லே. அவருடைய தங்கை ஜெனிவீவ் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே வீட்டின் வரவேற்பறையில் நின்று, "அண்ணே, நான் முழுக்கு எடுத்துட்டேன்" என்று சொன்னாள். குழந்தைப் பருவத்தில் பங்குக் கோவிலில் பெற்ற ஞானஸ்நானம் போதாதென்று, வேறொரு சபையில் சேர்ந்து, கடலில் மூழ்கி மீண்டும் பெற்றிருந்தாள். அன்று இஞ்ஞாசி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் வெளியேறும்வரை காத்து நின்றார். அதன் பிறகு அவள் அவ்வாசலுக்கு வந்ததில்லை.

இப்போது அதே சொல், அவருடைய சொந்த அடுக்களையிலிருந்து வந்திருந்தது.

*

சனிக்கிழமை விடிந்ததும் இஞ்ஞாசி வழக்கம்போல் வாசலருகே பழைய செய்தித்தாளை விரித்து, வீட்டிலுள்ள காலணிகளையெல்லாம் வரிசையாக வைத்து மெருகிடத் தொடங்கினார். வாரம் முழுவதும் அவர் எதிர்நோக்கும் சிறிய இன்பம் அது. வானொலி மெல்லப் பாடிக்கொண்டிருக்கும். தகர டப்பியைத் திறக்கும்போது எழும் மெழுகு மணம் அவருக்கு மிகவும் பிடிக்கும். மங்கிய தோல் சிறிது சிறிதாக ஒளி பெறுவதைக் காண்கையில், உலகத்தில் சரிசெய்ய முடியாதது எதுவுமில்லை என்று தோன்றும்.

இன்று அவ்வாறு தோன்றவில்லை. உர்சுலாவின் செருப்பை எடுத்தவர், அதை மூக்கருகே கொண்டு சென்றார். தேக்கா சந்தைக்குச் சனிக்கிழமைதோறும் போய்வரும் செருப்பில் மீன் வாடை இருக்க வேண்டும். இதிலோ மருந்து நெடி போல் ஏதோ ஒன்று வீசியது.

"என்னங்க, செருப்பை மோந்து பார்க்கிறீங்க? மூக்குல ஏதாச்சும் கோளாறா?"

உர்சுலா தள்ளுபையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சும்மாதான்," என்றார் அவர். "எங்க, தேக்காவுக்கா?"

"ஆமா. ஆட்டுக்கறி வேணுமா, மீன் வேணுமா?"

"எதுனாலும் சரி. நானும் வரட்டுமா? பை தூக்க ஆள் வேணும்ல?"

அவள் பையைத் தன் பக்கமாகச் சற்று இழுத்துக்கொண்டாள். "பைக்குச் சக்கரம் இருக்கு, அதுவே வரும். நீங்க வந்தா ஈரத் தரையப் பார்த்துட்டு எல்லாருக்கும் பாடம் எடுப்பீங்க. போன தடவை மீன்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"வழுக்காத பூட்ஸ் போடுங்கன்னேன். தப்பா?"

"அவர் இன்னும் என்னைப் பார்த்தா 'ஆபீசர் வரலையா'ன்னு கேட்கிறார் லா."

வேறொரு நாளாக இருந்தால் இஞ்ஞாசி சிரித்திருப்பார். இன்று அவருடைய கண்கள் பையின் வாயருகே நின்றன. அங்கே துண்டின் ஒரு முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்கறி வாங்கப் போகிறவளுக்குத் துண்டு எதற்கு?

"உர்சுலா."

"ம்?"

"சாயங்காலம் பூசைக்கு வருவேதானே? இன்னைக்கு முதல் வாசகம் நான்தான் வாசிக்கிறேன்."

"வராம எங்க போகப் போறேன்?"

அவள் இயல்பாகத்தான் சொன்னாள். அவருக்கோ அது போதவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் உயரத்தில் விளிம்போரம் நிற்பவரைத் திடீரென்று பெயர் சொல்லிக் கூவக் கூடாது என்பது அவர் பட்டறையில் எல்லாருக்கும் கற்பிக்கும் முதல் விதி. கூவினால், நிற்பவர் திரும்பிப் பார்ப்பார், கால் தவறும். தம் மனைவியும் இப்போது அப்படியொரு விளிம்பில் நிற்பதாகவே அவருக்குப் பட்டது. எனவே வாயை மூடிக்கொண்டார்.

மின்தூக்கியின் கதவு அவளை மறைத்தது.

*

"பெதானி! எழுந்திரு."

போர்வைக்குள்ளிருந்து முனகல் வந்தது. "டாடி... சாட்டர்டே லா."

"மம்மி எங்க போறா?"

"தேக்கா."

"பொய் சொல்லாதே. முழுக்கு விஷயம் எனக்குத் தெரிஞ்சு போச்சு."

போர்வை விலகியது. பெதானி எழுந்து அமர்ந்து, கண்களைக் கசக்கிக்கொண்டு தந்தையை உற்று நோக்கினாள். யாரிடமும் சொல்வதில்லை என்று தாய்க்கு அவள் வாக்களித்திருந்தாள். தந்தைக்கே தெரிந்துவிட்ட பிறகு அவ்வாக்கைக் காப்பதில் பொருளில்லை என்று அரைத் தூக்கத்தில் முடிவு செய்தாள். அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஓ, தெரிஞ்சிருச்சா? மம்மியே சொன்னாங்களா?"

"அப்ப உனக்கும் தெரியும்."

"ஃபர்ஸ்ட்லேர்ந்தே தெரியும் டாடி. நான்தானே ஆன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணேன்."

இஞ்ஞாசி கட்டிலின் விளிம்பில் மெல்ல அமர்ந்தார். "நீயா?"

"மம்மிக்கு அதெல்லாம் தெரியாதுல. உடுப்புகூட நான்தான் செலக்ட் பண்ணேன்."

"வெள்ளையா?"

"வெள்ளையா! நனைஞ்சா என்ன ஆகும், டாடி? கறுப்பு. முழுக் கை, முட்டி வரைக்கும். ரொம்ப டீசன்ட். கவலைப்படாதீங்க."

கறுப்பு உடுத்தி முழுக்குப் பெறும் சபையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவருடைய அச்சம் மேலும் ஒரு படி ஏறியது.

"ஆம்பளைங்களும் இருப்பாங்களா?"

"பக்கத்துல இருப்பாங்க. மம்மி குரூப் லேடீஸ் மட்டும்தான்."

"யாரு முழுக்குக் குடுக்கறது?"

"குடுக்கறதா?" பெதானி கொட்டாவி விட்டாள். "கோச்தான் பார்த்து பாஸ் போடுவாங்க."

"கோச்சா?"

"ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாம். ஃபெயில் ஆனா திரும்பவும் முதல்லேர்ந்து பண்ணணுமாம்."

போதகர்களை இக்காலத்தில் அவ்வாறும் அழைக்கிறார்களோ என்று எண்ணியபோது அவருக்கு வியர்த்தது. "ஜெனிவீவ்கூட ஒரே தடவைதானே எடுத்தா..." என்று தமக்குள் முணுமுணுத்தார்.

"அத்தையுமா?" பெதானியின் தூக்கம் பாதி கலைந்தது. "அத்தையும் பண்ணாங்களா? சூப்பர் லா! யாருமே சொல்லல என்கிட்ட."

இஞ்ஞாசி மகளை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பிள்ளையும் கைவிட்டுப் போய்விட்டது என்றே அவருக்குத் தோன்றியது. போர்வையின் முனையை நேராக இழுத்துவிட்டு, வேறொரு குரலில் கேட்டார்.

"மம்மி சந்தோஷமா இருக்காளா?"

"ரொம்ப. சனிக்கிழமை மட்டும் மம்மி பாடிக்கிட்டே சமைக்கிறாங்க, நீங்க கவனிக்கலையா? முட்டி வலிகூடப் பாதி போயிடுச்சு."

குணமளிப்பும் நடக்கிறது! இஞ்ஞாசி எழுந்துவிட்டார்.

"எங்க நடக்குது?"

"ஜாலான் புசார்ல. போகப் போறீங்களா? போங்க டாடி, மம்மி ரொம்ப பயந்துட்டுத்தான் போனாங்க. ஆனா அங்க போய்ச் சத்தம் போடாதீங்க, ஓகே?"

அவர் மெருகிட்டு வைத்திருந்த காலணிகளுக்குள் கால்களை நுழைக்கும் ஓசை கேட்டது. பெதானி மீண்டும் போர்வைக்குள் புகுந்தாள். டாடி இவ்வளவு அமைதியாக எடுத்துக்கொண்டாரே என்று வியந்தவாறே உறங்கிப்போனாள்.

*

அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், அஞ்சல் பெட்டிகளின் அருகே நின்று, இஞ்ஞாசி கைப்பேசியில் ஒரு பெயரைத் தேடினார். இரண்டு ஆண்டுகளாக அழைக்காத பெயர் அது. அழிக்கவும் அவருக்கு மனம் வந்திருக்கவில்லை.

"அண்ணே?" மறுமுனையில் குரல் நடுங்கியது. "அண்ணே, நீங்களா?"

"உன் ஆளுங்க என் வீட்டுக்குள்ளயும் வந்தாச்சா?"

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"உர்சுலா இன்னைக்கு முழுக்கு எடுக்கறா. ஜாலான் புசார்ல. எனக்குத் தெரியாதுன்னு எல்லாரும் நெனச்சுட்டீங்களா?"

"அண்ணியா? அண்ணே, எங்க சபை உட்லண்ட்ஸ்ல இருக்கு. இன்னைக்கு அங்க முழுக்கே கிடையாது. எனக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியம் பண்றதில்ல நாங்க, இல்லைன்னா சத்தியம் பண்ணியிருப்பேன்."

"பொய்."

"நான் உங்ககிட்ட என்னைக்கு அண்ணே பொய் சொன்னேன்?" ஜெனிவீவின் குரல் இப்போது நடுங்கவில்லை. "பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா, அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். இன்னைக்கும் உங்க வீட்டு மேசையில உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருப்பேன்."

சற்றுத் தொலைவில் ஒருவர் மிதிவண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சங்கிலியின் ஓசை மட்டும் கேட்டது.

"அண்ணே," என்றாள் அவள், மிகவும் தணிந்து. "பசியாறிட்டீங்களா?"

அவர் அழைப்பைத் துண்டித்தார். காலையிலிருந்து எதுவும் உண்ணவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே நினைவுக்கு வந்தது.

வீடிருக்கும் ஃபேரர் பார்க்கிலிருந்து ஜாலான் புசார் நடக்கும் தொலைவுதான். விளக்குக் கடைகளையும் இரும்புச் சாமான் கடைகளையும் கடந்து அவர் விரைந்தார். ஒவ்வொரு கடைவீட்டின் மேல்மாடியையும் அண்ணாந்து பார்த்தார். சங்கப் பலகைகளும் கணக்கர் அலுவலகப் பலகைகளும் தென்பட்டன. சபைப் பலகை எதுவும் தென்படவில்லை. பாட்டுச் சத்தமும் கேட்கவில்லை.

அப்போது எதிரே ஒரு பெண்மணி, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் மலர்ச்சியாக நடந்து வந்தார். இஞ்ஞாசியின் உள்ளம் திடுக்கிட்டது. எடுத்து முடித்துவிட்டு வருகிறார்கள்! அப்பெண்மணி வந்த வழியைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறத்தாழ ஓடினார்.

*

அதே நேரத்தில் உர்சுலா நீருக்குள் நின்று, குளத்தின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தாள். நின்று என்று சொல்வதும் சரியன்று. அங்கே கால் எட்டவில்லை.

இளமதி முதலிலேயே தேறிவிட்டாள். மூக்கிலிருந்து நீரைச் சிந்தியவாறு அருகே வந்தாள்.

"ஆன்ட்டி, எங்க ஊர் ஆத்துலகூட இவ்வளவு தண்ணி இல்ல. வாங்க, முழுக்குப் போடுங்க!"

"நீ சும்மா இரு, இளமதி. சுவரை விட மாட்டேன் நான்."

"ஏன், தண்ணி பயமா, அங்கிள் பயமா?"

"ரெண்டும்தான். காலையில அவர் என் செருப்பை எடுத்து மோந்து பார்த்துட்டு இருந்தார்."

"ஐயையோ! அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் கேட்கல. அதுதான் பயமா இருக்கு. அவர் கேள்வி கேட்காம இருந்ததே இல்லை."

பயிற்சியாளர் தலையசைத்தார். உர்சுலாவின் முறை வந்துவிட்டது.

விரல்கள் விளிம்பை விட மறுத்தன. இன்று விடாவிட்டால், இளமதியும் மற்றவர்களும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அவள் மட்டும் முன்பின் அறியாத புதியவர்களோடு முதல் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பமாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். தேக்கா என்ற பொய்யை மீண்டும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கும் துணிவு அவளுக்கு இல்லை. இது இன்றே, இல்லையென்றால் இல்லை.

ஒரு கையை விட்டாள். பிறகு, என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதற்குள், மற்றதையும்.

நீர் அவளை மூடிக்கொண்டது.

முதலில் அச்சம், மார்பில் குத்தியதுபோல். அதற்குப் பிறகு, அவள் சற்றும் எதிர்பாராத ஒன்று: ஓசையின்மை. வீட்டில் எப்போதும் யாரேனும் அவளை அழைத்துக்கொண்டே இருப்பார்கள். அழைக்காத நேரத்தில் குக்கர் அழைக்கும், துணி துவைக்கும் இயந்திரம் அழைக்கும். இங்கே எவரும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய இதயம் மட்டும் காதருகே தட்டிக்கொண்டிருந்தது. அதையும் தனக்கே உரியதாக அவள் கேட்டாள்.

மேலே வந்தாள். மூச்சை இழுத்தாள். சொல்லித் தந்தபடி தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் நனைய, மல்லாந்தாள். நீர் அவளை ஏந்திக்கொண்டது.

*

"அங்கிள், ஸ்விம்மிங்?" நுழைவாயிலில் இருந்த முதியவர், இஞ்ஞாசியின் முழுக்கால் சட்டையையும் பளபளக்கும் காலணிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நோ, நோ. மை வைஃப். பேப்டிசம்."

முதியவர் சற்று யோசித்தார். பிறகு முகம் தெளிந்து, கையை நீட்டினார். "பேபி பூல்? தட் சைட்."

இஞ்ஞாசி உள்ளே நுழைந்தார். வெள்ளை அங்கிகளைத் தேடினார், போதகரைத் தேடினார். மிதவைகளைக் கட்டிக்கொண்ட குழந்தைகளும், கண்ணாடி அணிந்த முதியவர்களுமே தென்பட்டனர். அவருடைய தொழிற்கண்கள், அவரைக் கேளாமலேயே, ஆழ அளவுக் குறிகளையும் உயிர்காப்பு வளையத்தையும் கண்டு, சரி, சரி என்று ஒப்புக்கொண்டன.

பிறகு மறுகரையோரம் கறுப்பு உடையில் ஓர் உருவத்தைக் கண்டார். அது சுவரைப் பற்றியிருந்த கையை விட்டது. மற்றக் கையையும் விட்டது. தலை மறைந்தது.

அந்தக் கணத்தில் சபையும் போதகரும் கோச்சும் அவருடைய மனத்திலிருந்து அடியோடு அகன்றுபோயினர். எஞ்சியது நீர் மட்டுமே.

அவர் ஓடினார்.

உயிர்காப்பாளரின் ஊதல் ஒலித்தது. "அங்கிள்! நோ ரன்னிங்! ஷூஸ், அங்கிள், ஷூஸ்!"

ஓடாதே என்று கால் நூற்றாண்டாகப் பிறருக்குச் சொல்லி வந்தவர், ஈரத் தரையில் வழுக்கி, தடுமாறி, மீண்டும் ஓடினார். அவர் மறுகரையை அடைந்தபோது உர்சுலா மேலே வந்திருந்தாள்; வானத்தை நோக்கிப் படுத்திருந்தாள். அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பை அவர் இதற்கு முன்பு எங்கே கண்டோம் என்று தேடினார். நினைவுக்கு வரவில்லை.

"உர்சுலா! உர்சுலா!"

குளமே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை.

"அங்கிள், இப்ப அவங்களுக்குக் கேட்காது," என்றாள் இளமதி. "காது தண்ணிக்குள்ள இருக்கு."

பயிற்சியாளர் கட்டை விரலை உயர்த்தினார். உர்சுலா புரண்டு, கைகால்களை உதைத்து, விளிம்பைப் பற்றிக்கொண்டு, கண்களில் வழிந்த நீரைத் துடைத்தாள். அவளுடைய கண்ணுக்கு நேரே இரண்டு கறுப்புக் காலணிகள் நின்றன. மெல்ல நிமிர்ந்தாள்.

"நீங்க... எப்படி இங்க?"

"வெளியே வா முதல்ல." அவர் மண்டியிட்டுக் கையை நீட்டினார். "கால் எட்டுதா? எட்டலையா? எவ்வளவு ஆழம் இது?"

"போர்டுல போட்டிருக்கு பாருங்க. யாரு சொன்னா உங்களுக்கு?"

"முழுக்குன்னு அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டேன். நான்... முழுக்கு ஞானஸ்நானம்னு நெனச்சுட்டேன். நீயும் ஜெனிவீவ் மாதிரி போயிட்டேன்னு நெனச்சேன்."

இளமதி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அங்கிள், அது நான் வச்ச பேரு! எங்க ஊர்ல ஆத்துல முங்கி எழுந்தாலே முழுக்குதான்."

உர்சுலாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. சிரித்ததில் நீரை விழுங்கி இருமினாள். அவர் முகம் வெளுத்தது.

"சிரிக்காதே! தண்ணி உள்ள போயிடும்! வழியெல்லாம் செத்துச் செத்துப் பொழைச்சேன், உர்சுலா. ஆண்டவரே, இதுக்கு அதுவே பரவாயில்லையே!"

சிரிப்பு நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"சபை மாறினா உயிரோடயாவது இருப்பே. இது தண்ணி. ஒரு நிமிஷம் போதும். எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கேன்."

"அதுவே பரவாயில்லையா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அப்படின்னா ரெண்டு வருஷமா ஜெனிவீவை எதுக்கு வெளிய நிக்க வச்சிருக்கீங்க?"

அவர் ஆழ அளவுக் குறியைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தண்ணின்னா பயம்னு எனக்குத் தெரியும்ங்க. நான் மறைச்சது அதுக்காக மட்டும் இல்ல. அவ தனக்கு முக்கியமா பட்ட ஒண்ணைச் செஞ்சா, நேரா வந்து உங்ககிட்ட சொன்னா. நீங்க கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. எனக்குப் பிடிச்ச ஒண்ணை நான் வந்து சொன்னா, எனக்கும் அப்படிக் கதவைத் திறந்து காட்டுவீங்களோன்னு பயந்தேன்."

"நான் அப்படிச் செய்வேனா? உனக்கா?"

"தெரியல," என்றாள் உர்சுலா. "அதான் சொல்றேன். எனக்குத் தெரியல."

நீருக்கு மேலே நீண்டிருந்த அவருடைய கை அப்படியே நின்றது. அவள் அதைப் பற்றவுமில்லை, தட்டிவிடவுமில்லை.

"உர்சுலா! டீப் எண்ட், கமிங்?" பயிற்சியாளர் குரல் கொடுத்தார். தேறியவர்கள் ஒருவர்பின் ஒருவராக நகரத் தொடங்கியிருந்தனர்.

"போகாதே," என்றார் இஞ்ஞாசி. "வீட்டுக்குப் போவோம். உட்கார்ந்து பேசலாம்."

"பேசலாம். கிளாஸ் முடியட்டும்."

"இன்னைக்கே ஆழமா?"

"பாஸ் ஆயிட்டேன்ல?"

அவள் விளிம்பைப் பிடித்தபடியே, ஒவ்வொரு கையாக மாற்றி மாற்றி, ஆழத்தை நோக்கி நகர்ந்தாள். அவளுடைய தோள்கள் நடுங்குவதை அவர் கண்டார். அவளுக்கும் அச்சம் நீங்கவில்லை என்பதும், நீங்காமலேயே போகிறாள் என்பதும் அவருக்கு விளங்கின. அவளோடு இணையாகக் கரையில் நடக்கலாம் என்று ஓரடி எடுத்துவைத்தார். ஊதல்காரர் அவருடைய காலணிகளைச் சுட்டிக்காட்டினார்.

அவற்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டபோது, சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.

"அண்ணே, கட் பண்ணிடாதீங்க," என்றாள் ஜெனிவீவ், மூச்சு வாங்க. பின்னணியில் பேருந்தின் உறுமல் கேட்டது. "நான் வந்துட்டே இருக்கேன். அண்ணிய யாராச்சும் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போயிருந்தா, நானே அவங்ககிட்ட பேசறேன். மனசு இல்லாம எடுக்கக் கூடாது அதை. உங்க வீட்டுக்கு வரமாட்டேன், பயப்படாதீங்க. எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க."

உர்சுலா ஆழத்தின் விளிம்பை அடைந்திருந்தாள். இளமதியிடம் ஏதோ சொன்னாள். சுவரை விட்டாள். மீண்டும் அவளுடைய தலை நீருக்குள் மறைந்தது. இஞ்ஞாசியின் மூச்சும் அதனோடு நின்றது.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

தலை மேலே வந்தது. முகத்தில் வழிந்த நீரை ஒரு கையால் வழித்துவிட்டு அவள் சிரித்தாள். அவரைப் பார்த்து அல்ல, யாரையும் பார்த்து அல்ல.

"ஜெனி," என்றார். அந்தச் சுருக்கப் பெயர் அவருடைய வாயில் அன்னியமாக ஒலித்தது. "ஜாலான் புசார் நீச்சல் குளத்துக்கு வா."

"குளத்துக்கா? அங்கயா முழுக்கு? அண்ணி எப்படி இருக்காங்க?"

"அவ நல்லாத்தான் இருக்கா." காலணிகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஈர நாற்காலி ஒன்றில் அவர் அமர்ந்தார். கண்களை மட்டும் நீரிலிருந்து எடுக்கவில்லை. "சீக்கிரம் வா, ஜெனி. தனியா நின்னு இதைப் பார்க்க என்னால முடியல."